வலப்பக்கம் சுற்றுகிற காத்தாடி

எங்கள் ஊரில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் போர்க்குழாய்க்குள் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே செம்மண் காடு, முந்திரித் தோப்பு, வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்த வருஷத்தை அடுத்த கண்மாய் நிறைகிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தர் படகு வாங்கினார். அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர்.

அதுவும் மீன் பிடிக்கிற படகு இல்லை. ஸ்கீ போட். பின்னால் கயிறு கட்டி ஆளை இழுத்துக்கொண்டு தண்ணீரில் பறக்கிற வகை. கேரளாவில் காயல் ஓரத்தில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததை வாங்கி லாரியில் ஏற்றினார். நேராகக் கடலுக்குப் போக வேண்டிய லாரியை எங்கள் தெருவுக்கு வரவழைத்து ஒரு நாள் முழுக்க நிறுத்தியும் வைத்தார், சொந்தபந்தமெல்லாம் பார்க்கட்டும் என்று. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இத எந்தக் கண்மாயில விடப் போறீங்க?"

படகு வாங்குகிற வருஷம் வரைக்கும் அவர் வளைகுடாவில் ஒரு கடற்கரை ஓட்டலில் வேன் ஓட்டினார். விமான நிலையத்திலிருந்து விருந்தாளிகளைக் கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. வேன் சும்மா நிற்கிற நேரத்தில் அவர் கண் முன்னால் படகுகள் போய்க்கொண்டிருந்தன. ரப்பர் மிதவையில் நாலு பேரை உட்காரவைத்து இழுத்துப் போவதையும், அவர்கள் அலறுவதையும், இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்பதையும் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். போனில் என்னிடம் அதைத்தான் சொல்லுவார். நான் அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க "ம்" போடுவேன். அந்த "ம்" இப்படிப் படகாக வந்து வாசலில் நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். படகு வந்த அன்று எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். ஒருத்தர் ஊரில் இவ்வளவு பெரிய சாமானை வாங்கிப் போடுகிறார் என்றால் இனி அவர் திரும்பிப் போகப்போவதில்லை என்றுதானே அர்த்தம்? எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஊரில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம். பெண் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தது எல்லாமே அவருக்குப் போனில் வந்த செய்திதான். இனிமேல் போகக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மீமிசலுக்குப் பக்கத்தில் கடலோரத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வளைகுடாவில் ஒரே அறையில் படுத்தவர்கள். அவர் முன்னதாகவே ஊர் திரும்பி ஐஸ் வியாபாரம் பார்க்கிறார். எல்லாரும் பாய் என்பார்கள், நான் பாய் அண்ணே என்பேன். படகை நிறுத்த இடம் கொடுத்ததும், அலைந்து திரிந்து அனுமதி வாங்கியதும் அவர்தான். தீபாவளி விடுமுறையில் முதன்முதலாகப் படகு ஓடியது. புதுக்கோட்டையிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். என் வீட்டுக்காரர் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே, ஏதோ கடலையே இவர்தான் வெட்டிவிட்ட மாதிரி.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. யாரோ வலை கட்ட நட்டு, பிறகு மறந்துபோன கம்பு ஒன்று தண்ணீருக்கடியில் நின்றிருக்கிறது. அதில் படகின் காத்தாடி மோதி ஒரு இலை ஒடிந்துவிட்டது. கடைக்காரர்கள் புரொப்பல்லர் என்கிறார்கள், எங்களுக்குக் காத்தாடி. பித்தளையில் மூன்று இலை. ஒன்று ஒடிந்தாலும் மற்ற இரண்டும் சுற்றத்தான் செய்கின்றன. ஆனால் படகு முழுக்க உதறுகிறது. உள்ளே உட்கார்ந்தால் பல்லெல்லாம் ஆடும்.

புதுக்கோட்டையில் கொடுத்து ஒட்டவைத்தோம். ஓட்டிப் பார்த்ததும் ஒட்டு விட்டுப்போனது. கடலோரக் கடைகளில் இருப்பதெல்லாம் வெளியே தொங்குகிற மோட்டாருக்கான காத்தாடிகள். எங்கள் படகில் என்ஜின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு இரும்புத் தண்டு அடிப்பக்கமாகப் பின்னால் போகிறது, அதன் முனையில்தான் காத்தாடியைச் செருக வேண்டும். எதுவும் பொருந்தவில்லை. ஒடிந்ததைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டார் ரூமில் போட்டார். படகு ஓடாமல் கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்து அந்தப் போன் வந்தது. வளைகுடா ஓட்டலின் பழைய மானேஜர். வேன் ஓட்டப் பழகின ஆள் வேண்டும், பொங்கல் முடிந்ததும் முடிவைச் சொல் என்றிருக்கிறார். இதை என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், நாளைக்குக் கரண்ட் இருக்காதாம் என்று சொல்வதுபோல.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"யோசிக்க என்னங்க இருக்கு அதுல?"

ரசம் ஊற்று என்று கையைக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் ரசத்தை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். சோற்றில் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்கும் வாசலுக்கும் நடப்பார். பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார், போன வேகத்தில் திரும்புவார், திரும்பினதும் "வேற எதும் வாங்கணுமா?" என்பார். நான் பெருக்கின இடத்தையே பெருக்கினேன். பால் கறக்கிறவரிடம் சண்டை போட்டேன். உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது, கையும் காலும் ஓடினால்தான் மனசு ஓடும். அப்படி ஓடி ஓடி நான் கண்டுபிடித்தது இதுதான். காணும் பொங்கலுக்குக் கடற்கரையில் கூட்டம் நெரியும். அதற்குள் படகு ஓடிவிட்டால் இவர் போகமாட்டார். ஓடாவிட்டால் போய்விடுவார்.

"புதுக் காத்தாடி வாங்குங்க. எங்க கிடைக்குதோ அங்க வாங்குங்க" என்று நச்சரிக்க ஆரம்பித்தேன்.

கொச்சியில் ஒரு கடை இருப்பதாகப் பாய் அண்ணன் விசாரித்துச் சொன்னார். ஒரு காலையில் என் வீட்டுக்காரர், கடைவீதிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றித் திருநீறோடு வாசலில் நின்று போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. கடைக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். குறுக்களவு எவ்வளவு என்றார். என் தையல் மெஷின் டேப்பால் அளந்து வைத்திருந்தோம், சொன்னோம். தண்டின் தடிமன் சொன்னோம். பிறகு பிட்ச் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றினால் படகை எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்ற கணக்காம் அது. இலையின் சாய்மானத்தில் இருக்கிறதாம்.

"இருக்கறதுலயே பெருசு குடுங்க. நல்லாப் பறக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"படகின்டெ போட்டோ ஒண்ணு அயக்குமோ? காத்தாடி நல்லா தெரியணும்."

இவர் உடனே போட்டோ அனுப்பினார். எந்தப் போட்டோ? எங்கள் தெருவில் லாரி மேல் மாலை போட்டுக்கொண்டு நின்ற படகின் முன்பக்கப் போட்டோ. மூக்கில் எலுமிச்சம்பழம் வேறு. காத்தாடி இருக்கிற பக்கமே அதில் கிடையாது. கடைக்காரர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டார். கடைசியாகக் கேட்டார்.

"ரைட் ஹேண்டோ லெஃப்ட் ஹேண்டோ? எந்தப் பக்கம் சுத்தறது?"

"ரைட்டு, ரைட்டு" என்றார் இவர், ஒரு நொடிகூட யோசிக்காமல். "நல்ல காரியத்துக்கு யாராச்சும் லெஃப்டு வாங்குவாங்களா?"

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். புது வீட்டுக்குள் வலது காலை வைக்கிறோம். இடது கையால் தீப்பெட்டியை நீட்டினால்கூட "ஏன், சோத்துக்கை என்னாச்சு?" என்று கேட்பார்கள். விதைக்கடலையை வலது கையால்தான் முதலில் போடுகிறோம். புது டிராக்டர் ஷோரூமை விட்டு வெளியே வந்தால் இடது பக்கம் போகிற வழியாக இருந்தாலும் வலது பக்கம் கொஞ்சம் ஓட்டி, திருப்பிக்கொண்டு வருவோம். சங்கில்கூட வலம்புரிக்குத்தானே மரியாதை? வலதா இடதா என்று ஒருவர் கேட்டால் எங்களுக்கு அது கேள்வியாகவே படாது.

பார்சல் வந்தது. புதுப் பித்தளை, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. சந்தனம் குங்குமம் வைத்து, சாக்கில் சுற்றி, இரண்டு பேரும் பைக்கில் அறந்தாங்கி வழியாகக் கடலுக்குப் போனோம். தண்ணீர் வற்றின நேரம் பார்த்துப் பாயின் ஆட்கள் படகைச் சாய்த்துக் காத்தாடியைச் செருகினார்கள். தண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. கரையில் ஏகப்பட்ட பேர். செம்மண் காட்டுக்காரன் படகு ஓட்டுகிறான் என்றால் வேடிக்கை பார்க்க ஆள் சேராதா? கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, இவர் ஏறி உட்கார்ந்தார். ஆட்கள் படகைத் தள்ளி, மூக்கைக் கடல் பக்கமாகத் திருப்பி விட்டார்கள். என்ஜின் ஒரே தட்டில் பிடித்தது. இவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு முன்னால் போகிற கியரைப் போட்டார்.

படகு பின்னால் வந்தது.

எங்களைப் பார்த்து, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, சாவகாசமாகக் கரைக்கு வந்தது. கூட்டம் விலகி ஓடியது. இவர் பதறி என்ஜினை அணைத்தார். கியர்க் கம்பியைப் பார்த்தார், காலுக்கடியில் பார்த்தார், மறுபடி ஸ்டார்ட் பண்ணி மறுபடி முன்னால் போட்டார். மறுபடி பின்னால் வந்தது. அப்போது சிரிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், நிறுத்தவே இல்லை.

"யண்ணே, மொகத்தை இங்கிட்டுத் திருப்பி ஒக்காந்துக்கங்க, சரியாப் போயிரும்!" என்று ஒருவர் கத்தினார்.

பின்னால் போகிற கியரைப் போட்டுப் பார்த்தார். படகு முன்னால் போனது, ஆனால் மாடு சேற்றில் வண்டி இழுப்பதுபோல முக்கி முனகி. கொஞ்ச தூரத்திலேயே கியர்ப் பெட்டி கை வைக்க முடியாமல் கொதித்தது. பின்கியர் என்பது கரையை விட்டு நகர்த்துவதற்கு மட்டும்தான், அதில் ஆளை இழுத்தால் பெட்டி வெந்துவிடும், கழற்றிவிடுங்கள் என்று பாய் அண்ணன் சொல்லிவிட்டார். கழற்றினோம். மறுபடி சாக்கில் சுற்றினோம். சந்தனம்கூட இன்னும் முழுசாக அழியவில்லை.

திரும்பி வருகிற வழியில் அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மானேஜர்ட்ட வாரேன்னு சொல்லிறலாம்னு பாக்குறேன்."

"பொங்கல் முடிஞ்சுதான சொல்லச் சொன்னாரு?"

"அது முடிஞ்சா மட்டும் என்ன?"

"அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். என் சத்தம் அப்படி.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டார். நான் மோட்டார் ரூமுக்குப் போய் ஒடிந்த பழைய காத்தாடியைத் தூக்கிவந்தேன். புதியதையும் பிரித்தேன். இரண்டையும் களத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதுவரைக்கும் இரண்டையும் சேர்த்து வைத்து யாருமே பார்க்கவில்லை. பழசு இங்கே சாக்கில் கிடந்தது, புதுசை அங்கே மாட்டினோம். இப்போது பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு ஜோடிச் செருப்பில் இடது ஒன்று, வலது ஒன்று மாதிரி இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்துகொண்டிருந்தன. எங்கள் படகின் தண்டு இடப்பக்கம் சுற்றுகிற தண்டு. அதில் கொண்டுபோய் வலப்பக்கக் காத்தாடியை மாட்டினால் அது படகைப் பின்னால்தானே தள்ளும்?

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போய் அவரை எழுப்பவில்லை. அவருடைய போனை எடுத்து நானே கொச்சிக்குப் போட்டேன்.

"நல்ல படகாணல்லோ சேச்சி, மாலை எல்லாம் இட்டு" என்றார் கடைக்காரர். அந்தப் போட்டோவை மறக்கவில்லை.

"அண்ணே, எங்களுக்கு இடது வேணும்." சொல்லும்போது எனக்கே நாக்கு கொஞ்சம் தயங்கியது. "லெஃப்டு. இடப்பக்கம் சுத்துறது. இத மாத்திக் குடுங்க."

"ஞான் அப்பவே கேட்டதல்லே? பழைய ஸ்கீ போட்டுல நெறைய லெஃப்ட்தான் வரும்."

"கேட்டீங்க. நாங்கதான் நல்ல பக்கம் பாத்துக் கெட்டுப்போனோம்."

அவர் சிரித்தார். மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார். பிறகு, அதே பெரிய பிட்ச் போதுமா என்று கேட்டார். நான் கொஞ்சம் நிதானித்தேன். இவர் வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் எங்கள் போருக்கு மோட்டார் வாங்கியது, மாற்றியது, கழற்றிக் கட்டியது எல்லாம் நான்தான். மோட்டார்க் கடையில் எவ்வளவு பெரிசு வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்கமாட்டார்கள். எத்தனை அடி ஆழம், எவ்வளவு தூரத்துக்குத் தள்ள வேண்டும், என்ன பயிர் என்றுதான் கேட்பார்கள். இங்கேயும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. போட்டுல ஆளு நெறைய ஏறுவாங்க. பின்னாடி மிதவையில வேற ஆளக் கட்டி இழுக்கணும். வேகமாப் போறதுக்கு எங்க கடல்ல எடமும் இல்ல, ஆழமும் இல்ல. இதுக்கு எது சரிவரும்?"

அப்படியென்றால் சின்ன பிட்ச் போதும் என்றார். பெரிசு போட்டால் ஆளை ஏற்றினதும் என்ஜின் திணறும், நின்ற இடத்திலிருந்து கிளம்பாது. சிறிசு போட்டால் ஓட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் இழுக்கும். மூன்று இலைக்குப் பதில் நாலு இலை போட்டால் உதறலும் குறையும் என்றார்.

"அதையே போடுங்க. பொங்கலுக்குள்ள வந்துரணும்ணே."

"வரும் சேச்சி."

வந்தபாடில்லை. தினமும் புதுக்கோட்டைப் பார்சல் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே இருந்தவருக்கு என் குரல் பழகிப்போய், ஹலோ என்றதும் "இன்னும் வல்லம்மா" என்று வைத்துவிடுவார். இவர் எதுவுமே கேட்கவில்லை. நான் கொச்சிக்குப் பேசியதைச் சொன்னபோதும் "சரி" என்றார், அவ்வளவுதான். ஆனால் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதும், வைப்பதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தெருவில் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மஞ்சள் கொத்து வண்டி வந்துவிட்டது. எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

போகிக்கு முந்தின நாள் பார்சல் வந்தது. நானே பஸ்ஸில் போய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கனம் தொடையை அழுத்தியது. கண்டக்டர் சாக்கை ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னம்மா, பொங்கலுக்குக் குத்துவெளக்கா?"

"போட்டுக் காத்தாடி."

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

போகியன்று காலையில் கடலுக்குப் போனோம். இந்தத் தடவை சந்தனமும் இல்லை, கற்பூரமும் இல்லை. கூட்டமும் இல்லை. பாய் அண்ணனும் அவருடைய ஆட்களும் மட்டும்தான். செருகி, ஆணி போட்டு, நட்டை முடுக்கினார்கள். இவர் ஏறினார். நானும் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது, கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கினதில்லை. ஆனால் அது எந்தப் பக்கம் போனாலும் இந்தத் தடவை உள்ளே இருந்து பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

"நீ எதுக்கு?" என்றார்.

"பாரம் வேண்டாமா? இழுக்குதான்னு பாக்கணும்ல" என்றேன்.

கியரைப் போட்டார். படகு முன்னால் போனது. மூக்கைக் கொஞ்சம் தூக்கி, பிறகு படிந்து, உதறாமல் போனது. கரையில் பாய் அண்ணன் துண்டைச் சுழற்றினார். நான் உட்காரும் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

கரை தூரத்தில் தெரிகிற இடத்துக்கு வந்ததும் அவர் என்ஜினை அணைத்தார். சத்தம் நின்றதும் படகு லேசாக ஆடியது.

"ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"அன்னைக்குப் போட்டு பின்னாடி வந்துச்சுல்ல, எல்லாரும் சிரிச்சாங்கல்ல. அவமானமாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி."

"என்ன நிம்மதி?"

"இனிமே கெளம்பிப் போனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கள்ல. ஓடுச்சுன்னா இருக்கணும். ஓடலைன்னா போயிறலாம்."

நான் பிள்ளையாரைக் கும்பிட்டு ஓடவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, அதே பிள்ளையாரிடம் இந்த மனுஷன் ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டாரோ என்னவோ. கோபமாகத்தான் கேட்டேன்.

"எங்க மேல அவ்வளவு வெறுப்பா?"

"ச்சீ, வெறுப்பு இல்ல. எனக்கு இங்க என்ன செய்யிறதுன்னு தெரியல. காட்ட நீ பாக்குற. மாட்ட நீ பாக்குற. புள்ள எதுவா இருந்தாலும் ஒனக்குத்தான் போன் போடுது. கடைசியில இந்தக் காத்தாடியக்கூட நீதான் வாங்குன. நான் காலையில எந்திரிச்சு எங்கிட்டுப் போறது? அங்கன்னா கையில வண்டிச் சாவியக் குடுத்துருவாங்க."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இப்ப?" என்றேன்.

"இப்ப எப்புடிப் போறது? நீதான் ஓட வச்சுட்டியே." சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"போட்டுக்காக இருக்க வேணாம்" என்றேன். "எனக்காகவும் வேணாம். போகணும்னா போங்க. போட்டப் பாய் அண்ணன் ஓட்டிக்கிருவாரு. நான் இத்தன வருசம் இருந்த மாதிரி இருந்துக்குறேன்."

சொல்லும்போதே அவர் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று கிடந்து தவித்தேன். அவர் சாவியைத் திருப்பி, படகைக் கரைக்குத் திருப்பினார். அன்றைக்கு நான் அவ்வளவு வீறாப்பாகப் பேசியிருக்க வேண்டாம் என்று பொங்கல் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. பொங்கல் பானை பொங்கும்போது குலவை போடக்கூட மறந்துபோனேன்.

காணும் பொங்கலுக்குக் கடற்கரையில் நிற்க இடமில்லை. புளிசாதத் தூக்குகளோடு ஊர் ஊராக வேனில் வந்து இறங்கினார்கள். நான் மிதவை உடுப்பின் பட்டைகளை மாட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன், விரல் காய்த்துப்போனது. படகு நிற்கவே இல்லை. நாலு பேரை உட்காரவைத்து, பின்னால் நாலு பேரைக் கட்டி இழுத்தாலும் திணறாமல் கிளம்பியது. ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் அவர் முகத்தைப் பார்த்தேன். வெயில் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போவீர்களா இருப்பீர்களா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று படுத்துத் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அவருடைய போன் அடித்தது. அவர் எடுத்தார். மானேஜர்தான் என்று அவர் நிமிர்ந்து நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. மாடு வாளியை முட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல சார்" என்றார். "நான் வரல சார்."

அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். இவர் தெருவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், வாளியோடு நிற்கிற என்னைப் பார்த்தார்.

"வந்து இன்னும் ஒரு வருசம்கூட ஆகல சார்" என்றார். "இந்த ஊருக்குக் கொஞ்சம் பழகிக்கிறேன்."